டாக்ஸிக்காரனுக்குத் தூற்றின மண்

கொட்டிராதீங்க கஸ்டம்ஸ் மேடம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அந்த டப்பாவை மட்டும் கொட்டிராதீங்க. எங்கூட்டுக்காரர் காலு அதுக்குள்ளதானுங்க இருக்குது.

காலுன்னா, காலே இல்லைங்க. ஐயோ, தூக்கி அக்கட்ட வெக்காதீங்க, சொல்றேன். எனக்குப் பேசவே வராதுங்க. ஆறாவதோட நின்னுட்டேன். நான் வேலை பாக்கற நார் மில்லுல என்னை ஊமைச்சின்னுதான் கூப்பிடுவாங்க. வெளியாளுகிட்ட இத்தனை பேச்சு நான் பேசினதே இல்லை. முழுசாக் கேட்டீங்கன்னா நீங்களே மூடி போட்டுக் குடுத்துருவீங்க.

அவரா? அங்க பாருங்க, பெட்டியெல்லாம் சுத்தி வருதில்லீங்களா, அங்கே ஒத்தைக் காலுல நிக்கறாரே, நீலச் சட்டை, அவருதான். பேரு பூபதி. டைல்ஸ் ஒட்டறவரு. கூப்பிடாதீங்க மேடம். கூப்பிட்டாலும் அவரால பேச முடியாது, தொண்டை அடைச்சுக் கெடக்குது. அதுவும் இந்த டப்பாவாலதான். சொல்றேன், சொல்றேன்.

டைல்ஸ் ஒட்டற பசை மூட்டைக்குள்ள ஒரு சீட்டு வருமுங்க. அதைச் சேத்திக்கிட்டே வந்தா கம்பெனிக்காரங்க பாங்காக் கூட்டிட்டுப் போவாங்க, ரெண்டு பேருக்கு. எங்கூட்டுக்காரர் சேத்திட்டாரு. காங்கேயத்துக் குமரவேல் அண்ணன் கூட, அவரும் டைல்ஸ்காரர்தான், அவருகூடப் போறேன்னு சட்டையெல்லாம் எடுத்துட்டாரு. எங்க மாமியார்தான், "கட்டினவளைக் கூட்டிட்டுப் போடா, மடியில வெச்ச புள்ளைக்கு டிக்கெட்டுக் கம்மியாமா"ன்னு ஒத்தைக் காலுல நின்னாங்க. அதைக் கேட்டதும் அவரு மொகம் சுண்டிப் போச்சு. பாவம், பொண்டாட்டி புள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா பொறுப்புங்களே.

போய்ப் பாத்தா, கூட வந்தவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. பொம்பளைன்னு நான் ஒருத்திதான். எனக்குக் கூச்சமாப் போயி, எங்க நின்னாலும் பாப்பாவை மொகத்துக்கு முன்னால தூக்கிப் புடிச்சுக்குவேன். தினமும் சாயங்காலம் கம்பெனி மீட்டிங்கு வேற. அவரும், தான் சேத்தின சீட்டுல வந்த குமரவேல் அண்ணனும் போயிட்டு வருவாங்க. வரும்போது மேலெல்லாம் எண்ணெய் வாசம் வீசும். என்னன்னு கேட்டா, டைல்ஸ் ஒட்டறவங்க முட்டி போட்டே வேலை செய்யறாங்களாம், அதனால கம்பெனியே ஆள் வெச்சு முட்டிக்கு எண்ணெய் தேச்சு விடுதாமா. எத்தனை நல்ல கம்பெனி பாருங்க. எங்க நார் மில்லுல கைக்குத் துணி கேட்டாக் கூடத் தர மாட்டாங்க.

இனிதான் டாக்ஸிக் கதை.

ஆத்தோரத்துல ஒரு கோயிலு. கோபுரம் பூராம் பீங்கான் ஓட்டை ஒடைச்சு ஒடைச்சு ஒட்டி வெச்சிருக்காங்க. எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கறாங்க. எங்கூட்டுக்காரர் மட்டும் வெரலை மடக்கி ஒவ்வொரு ஓடாத் தட்டித் தட்டிக் காதை வெச்சுக் கேக்கறாரு. உள்ள பசை சரியாப் புடிச்சிருக்குதான்னு. "ராதா, இங்க பாரு, பொள்ளுன்னே ஒரு சத்தம் கூட வரலை"ன்னு குழந்தையாட்டச் சிரிச்சாரு. வாட்ச்மேன் வந்து கையை எடுக்கச் சொல்ற வரைக்கும் தட்டினாரு. அன்னைக்கு மாதிரி அவரை நான் பாத்ததே இல்லைங்க. எனக்கு நெம்ப சந்தோஷமா இருந்துது.

திரும்பி ஓட்டலுக்கு டாக்ஸி புடிச்சோம். ரோஸ் கலரு வண்டி. அந்த டாக்ஸிக்காரன் வயசானவன், கன்னம் ஒட்டி, வெள்ளை முடி. எங்களைப் பாத்ததும் ரெண்டு கையையும் சேத்திக் கும்பிட்டான். கண்ணாடியில பூச்சரம் தொங்குது. எனக்கு ஒரு நம்பிக்கை வந்துருச்சு. கும்பிடறவன் ஏமாத்துவானுங்களா? வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை. முன்னாடி சின்னப் பொட்டியில செவப்பா நம்பர் எரிஞ்சுது. ஏறும்போது முப்பத்தஞ்சு. பொறகு ஏறிக்கிட்டே போச்சு. பாப்பா அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சா. நான் அது வெயில் காட்டற பொட்டின்னு நெனைச்சேன். எறங்கும்போது நூத்தி எழுபத்தி மூணு. அத்தனை வெயிலாடா சாமின்னு முந்தானையைப் பாப்பா தலையில போட்டேன்.

"நீ புள்ளையைத் தூக்கிட்டு உள்ள போ, நான் காசு குடுத்துட்டு வரேன்"னாரு. போனேன். கண்ணாடிக் கதவுகிட்டத் திரும்பிப் பாத்தா, அந்த ஆளு சரத்துல இருந்து ஒரு பூவைப் பிச்சு, எறங்கி ஓடி வந்து, பாப்பா கையில குடுத்துட்டுப் போறான். நல்ல மனுஷன்னு நெனைச்சேன்.

பின்னாலயே இவரு வந்தாரு. மொகம் இருண்டு போயி இருக்குது. "போச்சு ராதா. ரெண்டாயிரம் புடுங்கிட்டான். கையில பத்தலை. உன்ற காசைத்தான் குடுத்தேன்"னாரு.

என்ற காசுன்னா, என்ற போனஸ் மேடம். பாப்பா காது குத்துக்குக் கம்மல் எடுக்க வெச்சிருந்தது. அங்க தங்கம் நயம்னு குமரவேல் அண்ணன் சொன்னாருன்னு, அந்த ஊர்க் காசா மாத்தி எடுத்துட்டுப் போனோம். நான் தொலைச்சுப் போடுவேன்னு அவருதான் பத்திரமா வெச்சிருந்தாரு. அது பூராம் போச்சு.

"கேக்கலாமுங்க, வாங்க"ன்னேன். நானா? நானேதானுங்க. எனக்கே ஆச்சரியம். "சும்மா இரு, இந்த ஊர் டாக்ஸிக்காரனுங்க பேசினாக் கத்தியை உருவுவானுங்க"ன்னுட்டாரு. அவரு தைரியசாலிதான் மேடம், எங்களுக்காகத்தான் பயப்பட்டாரு. பணம் போன வருத்தத்துல அன்னைக்கு மீட்டிங்குக்குக் கூட வெள்ளனே கெளம்பிட்டாரு. அன்னைக்கு முழு ஒடம்புக்கும் வைத்தியமாம், கம்பெனி செலவு. பெரிய பெரிய எறாலு வேற போட்டாங்களாமா.

எனக்கு மட்டும் ஆறவே இல்லைங்க. சண்டை போடத் தெரியாது. பாஷை தெரியாது. போலீசு எங்க இருக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஊர்ல வயிறெரிஞ்சா மண்ணை வாரித் தூத்துவாங்க. எங்க மில்லு மாராத்தாக்கா தூத்திருக்கா, பால் அளவுல ஏமாத்தினவனுக்கு. அந்த வாரமே அவன் எருமை கறக்கறதை நிறுத்திருச்சு. தூத்தினா ஆளு தப்பாதுன்னு அக்கா சத்தியம் பண்ணுவா. நான் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தூத்தினதில்லைங்க. கூச்சம்.

சரி, தூத்தீரலாம்னு வெளிய வந்து குனிஞ்சேன். மண்ணு இல்லைங்க.

சிரிக்காதீங்க மேடம். ஒரு கைப்பிடி மண்ணு இல்லை அந்த ஊர்ல. ஓட்டலு வாசல் பூராம் டைல்ஸ். எங்கூட்டுக்காரர் முன்னாடியே அதைத் தடவிப் பாத்து, "இது அப்படியே ஒரே பலகையாட்ட இருக்குது பாரு"ன்னு மெச்சிக்கிட்டாரு. அதைத் தாண்டினா சிமெண்டு. மரம் இருக்குது, மரத்தடியில இரும்புச் சட்டம் போட்டு மூடியிருக்குது. ஒரு தொட்டியில செடி நல்லாப் பச்சைப் பசேல்னு இருந்துது, கையை விட்டா பிளாஸ்டிக். தெரு மொனை வரைக்கும் பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு மண்ணைத் தேடிக் குனிஞ்சு குனிஞ்சு போறேன். ஒரு பொண்ணு நான் எதையோ தொலைச்சுட்டேன்னு நெனைச்சு, அவளும் கூடக் குனிஞ்சு தேடறா. எதுக்குன்னு அவளுக்கு எப்படிச் சொல்றது? சாபம் போடறதுக்குங்களே! சிரிச்சுட்டு ஓடி வந்துட்டேன்.

கடைசியில எங்க மாடியில, லிப்டுகிட்ட, ஒரு நெசமான செடி. கையை விட்டேன். கையை விட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது மண்ணே இல்லை மேடம். தேங்கா மட்டையை அடிச்சு நார் எடுத்தா ஒரு தூள் விழுகுமே, அது. நான் வருஷக்கணக்காச் சலிக்கறது அதைத்தான். அதைக் கட்டியாப் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க, செடி வெக்கறதுக்கு. யாரு கண்டா, நான் சலிச்சதாகவே இருக்கலாம். அத்தனை தூரம் போயி, என்ற கையில நானே வந்து விழுந்தாப்பல இருந்துது. மண்ணு இல்லாட்டி இதாவது ஆகட்டும்னு ரெண்டு கையிலயும் அள்ளிட்டேன்.

கீழ வந்தா, அந்த ரோஸ் வண்டி போகலை. அடுத்த சவாரிக்கு ஓரமா நிக்குது. அந்த ஆளு வண்டிக்கு வெளிய நின்னு சோறு தின்னுட்டு இருக்கறான். கண்ணை மூடிக்கிட்டேன். அவன் பேரும் தெரியாது. அதனால பேரு சொல்லாம மனசுக்குள்ளயே சொன்னேன். என்ற புள்ளை காதுக்கு வெச்ச காசைத் தின்னவனுக்குத் தின்னது செரிக்கக் கூடாது. ஒரு தூத்து. அவன் கால் ஊனி நிக்கக் கூடாது. இன்னொரு தூத்து. பொய் சொன்ன வாயி அடைச்சுப் போகோணும். மிச்சத்தையும் தூத்தினேன்.

மண்ணா இருந்தாப் பொத்துன்னு விழுகும். இது தூளுங்களே. கண்ணாடிக் கதவு தானாத் தெறந்து உள்ளிருந்து ஏசிக் காத்து அடிச்சுது. பொகையாட்டப் பறந்து போயி அந்த ஆளு மேல கொஞ்சம், சோத்து மேல கொஞ்சம். நான் கண்ணைத் தெறந்து பாக்கறேன். அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா? சோத்தைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிஞ்சு, மேல விழுந்த தூளைத் தொட்டு நெத்தியில பூசிக்கிட்டான். துண்ணூறாட்ட! ஏதோ எங்க ஊர்ப் பூசைன்னு நெனைச்சுட்டான் போல. நானும் என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு கும்புடு போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.

அங்கதான் கோளாறு ஆகிப் போச்சுங்க.

அன்னைக்கு ராத்திரி இவருக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. தின்னது ஒண்ணு நிக்கலை. அடுத்த நாள் பாத்ரூம்ல அந்த டைல்ஸ் மேலயே வழுக்கி, காலு பொரண்டு, வீங்கி இந்தா இத்தனை தடி ஆகிருச்சு. வலி பொறுக்க முடியாமயும், "டைல்ஸ் ஒட்டினவன் சாய்வு சரியா விடலை"ன்னு அந்த ஆளைத் திட்டறாரு. நேத்திருந்து வாயும் போச்சு. காத்துதான் வருது. நான் சொன்னது மூணு. மூணும் ஒண்ணு மாத்தி ஒண்ணு, சொன்ன வரிசையிலயே, அந்தப் படுபாவியை விட்டுட்டு என்ற புருஷன் மேல வந்து ஏறிருச்சு!

மாராத்தாக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "மண்ணைத் தூத்தினியா, வேறென்னத்தைத் தூத்தினே?"ன்னா. சொன்னேன். "அட கூறு கெட்டவளே, அது மெதக்கற சாமானாச்சே, காத்து எந்தப் பக்கம் அடிச்சுதோ"ன்னு திட்டினா. பொறகு யோசிச்சுச் சொன்னா, தூத்தினதை அள்ளிட்டு வந்து சொந்த மண்ணுல போட்டுத் தண்ணி ஊத்தினா எறங்கீருமாம். அதான் பாப்பா பால் டப்பாவைக் கழுவி, ஓட்டலு வாசல்ல உக்காந்து, டைல்ஸ் சந்து சந்தாப் பாப்பா சீப்பை விட்டு நோண்டி எடுத்தேன். ஓட்டல்காரங்க நான் கூட்டறேன்னு நெனைச்சு ஒரு மொறமும் வெளக்குமாத்தும் கொண்டாந்து குடுத்தாங்க. நெம்ப நல்ல சனம். இதைக் கொண்டு போயி எங்கூட்டு வாசல்ல கொட்டி ஒரு கொடம் தண்ணி ஊத்தினா அவரு எந்திரிச்சு நடந்துருவாரு. இதான் மேடம் டப்பாக் கதை. குடுங்க, போறேன்.

என்னது? அந்த டாக்ஸிக்காரனா? அவனுக்கு ஒண்ணுமே ஆகலைங்க! அதைக் கேளுங்க, அதுதான் வயிறெரியுது. நான் வாசல்ல நோண்டிட்டு இருக்கறேன், ரோஸ் வண்டி வந்து நிக்குது, ஒரு சீப்பு வாழைப்பழத்தோட எறங்கறான். என்னைப் பாத்துக் கும்பிட்டு, பழத்தைப் பாப்பா முன்னால வெச்சுட்டு, தூரமா ஏரோப்ளேன் போறாப்பல கையைக் காட்டறான், ரெண்டு வெரலைக் காட்டறான். நான் பூசை பண்ணினதுல இருந்து ஏர்போர்ட்டுச் சவாரியாக் கெடைக்குதாமா! சாபம் போட்டா சவாரி கெடைக்குதுங்க அவனுக்கு.

அன்னைக்கு எனக்கு எங்கிருந்து வாயி வந்துச்சோ. "ஏண்டா, என்ற புள்ளை காசைத் தின்னுட்டு வாழைப்பழமா குடுக்கறே?"ன்னு கத்திட்டேன். அவன் முழிச்சான். போனை எடுத்து என்ற வாய்கிட்ட நீட்டினான். நான் மறுபடியும் கத்தினேன். போனு அவன் பாஷையில என்னமோ சொல்லுச்சு. அவன் மொகம் மாறிப் போச்சு. அவன் பேசினான். அந்தப் போனு தமிழ்ல சொல்லுது, பொம்பளைக் கொரல்ல, செய்தி வாசிக்கறாப்பல: "சகோதரி, கட்டணம் நூற்று எழுபத்து மூன்று. உங்கள் கணவர் இருநூறு கொடுத்தார். மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் நல்லவர்."

பாருங்க மேடம்! அந்த ஊர்ப் போனு கூடப் பொய் சொல்லுது! அவரு ரெண்டாயிரம் குடுத்துட்டு அழாத கொறையா நிக்கறாரு, இவன் எரநூறுங்கறான். "எங்கூட்டுக்காரர் நல்லவர்னு எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்"னுட்டு வாழைப்பழத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். பாப்பா ஒண்ணைக் கடிச்சுட்டா, அது மட்டும்தான்.

ஏன் மேடம், எழுதறதை நிறுத்திட்டீங்க?

மறுபடியும் சொல்லோணுமா? சாபத்தையா? அதான் சொன்னேனுங்களே. காசைத் தின்னவனுக்குத் தின்னது செரிக்கக் கூடாது. கால் ஊனி நிக்கக் கூடாது. பொய் சொன்ன வாயி அடைச்சுப் போகோணும்.

ஆமாங்க, பொய் சொன்ன வாயி.

அவன் என்ன பொய் சொன்னானா? அவன்… வண்டியில வந்தப்ப அவன் வாயே தெறக்கலையே. அவனுக்குத் தமிழே தெரியாதுங்களே. ரெண்டாயிரம்னு அவன் எங்கிட்டச் சொல்லலை. இவருதான் உள்ள வந்து…

செவப்பு நம்பரா? நூத்தி எழுபத்தி மூணுங்க. நானே பாத்தேன். பாப்பா கூட… அது வெயில் பாக்கற பொட்டி இல்லீங்களா?

அது காசுங்களா?

…

மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா. டைல்ஸ் கம்பெனியெல்லாம் ஆளுகளுக்கு ஒடம்பு பூராம் எண்ணெய் தேச்சு விடுவாங்களா? கம்பெனி செலவுல? எறாலும் போட்டு?

சிரிக்கறீங்க. சரிங்க.

அப்ப மாராத்தாக்கா மொதல்ல சொன்னதுதான் சரி. ஆளு தப்பலை. மண்ணுகூட வேண்டியதில்லை, நான் சலிச்ச தூளே போதும், அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல தேடிப் போயி ஏறியிருக்குது. பாவம், அந்தக் கெழவன்கிட்ட வாழைப்பழத்தை வாங்கியிருக்கலாம்.

கொட்டிருங்க மேடம். ஆமாங்க, அந்தக் குப்பைத்தொட்டியிலயே. நல்லாத் தட்டிக் கொட்டுங்க, அடியில ஒட்டியிருக்கும். டப்பா மட்டும் குடுங்க, பாப்பாவுக்கு வேணும்.

அவரு வராரு பாருங்க, பெட்டியை இழுத்துக்கிட்டு, நொண்டி நொண்டி. வெளிய கையைக் காட்டறாரு, டாக்ஸி புடிக்கலாம்கறாரு. இருங்க மேடம், எல்லாரும் திரும்பிப் பாத்தாலும் பாக்கட்டும், நான் இங்கிருந்தே சொல்லிடறேன்.

ஏனுங்க! டாக்ஸி வேண்டாமுங்க! டாக்ஸிக்காரங்க நெம்பப் புடுங்குவாங்களாமா! பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தே போயிரலாம் வாங்க!